உப்புக்காத்துல 25 வருஷம்: அப்பாவோட மாருதி 800-ஐ வச்சிருக்கவா, கொடுத்திரவா?

உச்சிப்புளிக்காரன்

வணக்கம். ரொம்ப நாளா இந்தக் குழுவுல எல்லாரும் எழுதுறதை வாசிச்சுட்டு சத்தமில்லாமப் போயிருவேன். இன்னைக்கு ஒரு யோசனை கேக்கணும்.

வீட்ல ஒரு மாருதி 800 நிக்கிது. 1997 மாடல், வெள்ளை, கார்புரேட்டர், நாலு கியர். டி.என். 59, மதுரை நம்பர். அப்பா மண்டபத்துல ஒரு ஐஸ் கம்பெனியில கணக்குப்பிள்ளையா இருந்தார். 2001ல மதுரையில ஒரு டாக்டர்கிட்ட ரெண்டாம் கையா வாங்கினார். அன்னைக்கு மதுரையில இருந்து உச்சிப்புளி வர்ற வரைக்கும் முள்ளு 50-ஐத் தாண்டலை. பின்னாடி வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிச்சே ஓய்ஞ்சு போச்சு. பரமக்குடியில நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கி நாலு சக்கரத்துக்கும் வச்சார். மதுரையிலேயே வச்சுட்டுத்தானே வந்தோம்னு அம்மா கேட்டதுக்கு, "அது டாக்டர் வச்சது, இது நம்ம வைக்கிறது"ன்னார்.

அப்பா போய் மூணு வருஷம் ஆகுது. 2022ல பதிவு புதுப்பிச்சது அவர்தான். அடுத்த வருஷம் மறுபடி பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டணும். 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணம் 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆயிருச்சு. டிங்கர் ஒருத்தர் பார்த்துட்டு பட்டி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 45,000 கேக்குறார். வித்தா அதுல பாதி கூடத் தேறாது.

எஞ்சின் நல்லா இருக்கு. காலையில சோக்கை இழுத்து ஒரு திருகு, அவ்வளவுதான். பாடிதான் போய்க்கிட்டு இருக்கு. கதவுக்கு அடியில, வைப்பர் பக்கத்துல, பின் மட்கார்டு விளிம்புல எல்லாம் கொப்புளம். கடலுக்கும் எங்க வீட்டுக்கும் ரெண்டு கிலோமீட்டர் இருந்தா அதிகம். மைலேஜ், ஏசி கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். இந்தக் காத்துல இதைக் காப்பாத்த முடியுமா? அதை மட்டும் சொல்லுங்க.

அரிச்சல்முனை

விக்காதீங்கண்ணே. வித்துட்டு நாலு மாசம் கழிச்சு ரோட்ல பார்த்து அழுகுறதுக்கு 45,000 எவ்வளவோ பரவாயில்லை. எங்க மாமா மாருதி ஆம்னி வேனை வித்துட்டு இன்னைக்கு வரைக்கும் ரோட்ல போற ஆம்னி நம்பரெல்லாம் படிச்சுட்டு உக்காந்திருக்கார்.

பட்டறைப் பையன்

ராம்நாட்ல எங்கப்பா பட்டறை வச்சிருந்தார், இப்ப நான் பார்த்துக்கிறேன். அண்ணே, மேல தெரியுற கொப்புளத்தைப் பார்த்து விலை சொன்னவர்கிட்ட வண்டியை விட்றாதீங்க. பட்டி போட்டு வெள்ளை அடிச்சா ஒரு வருஷம் பளபளன்னு இருக்கும். மறு வருஷம் அதே இடத்துல பெரிய கொப்புளமா வரும். துருவைச் சுரண்டி வெட்டி எடுக்காம அது மேலயே பூசுறது புண்ணு மேல பவுடர் போடுற மாதிரி.

இந்த மாதிரி வண்டிக்குத் தனியா சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அதனால அடியைப் பாருங்க. டிரைவர் காலடி மேட்டைத் தூக்குங்க. அடியில இருக்க சணல், ரப்பரையும் சேர்த்துத் தூக்கணும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பாருங்க. டங்குன்னா இரும்பு, பொதக்குன்னா போச்சு. அப்புறம் ஜாக்கி வைக்கிற இடம், லோயர் ஆர்ம், அதான் முன் சக்கரத்தைப் பாடியோட பிடிச்சு நிக்கிற கை, அதோட போல்ட் ஏறுற இடம். இது எல்லாத்துக்கும் முன்னாடி பிரேக் பைப். அது மெல்லிசு இரும்புக் குழாய், அடியில ஓடுது. வெளிய பார்த்தா லேசா செம்பட்டையாத்தான் இருக்கும். ஒரு நாள் அவசரத்துல ஓங்கி மிதிச்சா வெடிச்சு, பெடல் தரைக்குப் போயிரும். பெயிண்ட் இல்லாம ஓட்டலாம். பிரேக் இல்லாம ஓட்ட முடியாது.

பரமக்குடி வண்டியா, மண்டபம் வண்டியான்னு கதவு அடியைப் பார்த்தே சொல்லிருவேன். ஒரே வருஷத்து மாடலா இருந்தாலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்காது, தாத்தா பேரன் மாதிரி இருக்கும்.

பெயிண்ட் ஷாப்

சொந்த ஊர் பெரியபட்டினம். ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில பெயிண்ட் பிரிவுல வேலை. காரணம் தெரிஞ்சா வைத்தியம் சுலபம்கிறதால கொஞ்சம் நீட்டமா எழுதுறேன்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணியும் காத்தும் வேணும். மதுரையில மழை நின்னதும் தகடு காஞ்சிரும், துருவும் ஓய்ஞ்சிரும். நம்ம பக்கம் காயவே காயாது. கடல் காத்துல வர்ற உப்பு தகட்டுல படிஞ்சு ஈரத்தை இழுத்து வச்சுக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினாலே சோத்து உப்பு தானாக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு, அது இன்னும் குறைஞ்ச ஈரத்துலயே கசியும். ஐப்பசி, கார்த்திகையில அடுப்படி உப்பு ஜாடி நசநசன்னு ஆகுதே, அதே சமாச்சாரம்தான் கதவுக்கு உள்ளயும் ராத்திரி பூரா நடக்குது. துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், அதனால உள்ள இருந்து பெயிண்டைத் தூக்குது. நீங்க பார்க்குற கொப்புளம் துருவோட வால். தலை உள்ள இருக்கு.

இப்ப வர்ற கார்ல பாடி மொத்தத்தையும் ஒரு தொட்டியில முக்கி, மின்சாரம் பாய்ச்சி முதல் பூச்சு ஏத்துறோம். ஈ.டி. கோட்னு சொல்லுவோம். பிரஷ்ஷும் ஸ்ப்ரே கன்னும் போகாத மூலைக்கெல்லாம் அது போகும். பல பாகத்துல துத்தநாகம் பூசின தகடும் உண்டு. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதல்ல தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாத்தும். "அந்தக் காலத்துத் தகடு கனம், இப்ப எல்லாம் டப்பா"ன்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில். கனமா இருந்தா ஓட்டை விழ நாளாகும், அவ்வளவுதான்.

உடனே ஒரு வேலை செய்யுங்க. நாலு கதவுக்கும் அடி விளிம்புல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். தண்ணி வடியுறதுக்கு விட்டது. மண்ணடைச்சுக் கிடக்கும். ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் குத்திவிடுங்க.

பாம்பன் பெரியவர்

தம்பி, ஈர்க்குச்சி வைத்தியம் நல்லா இருக்கு.

எனக்கு 71 வயசு. 1988 அக்டோபர் 2 அன்னைக்கு ராஜீவ் காந்தி ரோட்டுப் பாலத்தைத் திறந்து வச்சப்போ கூட்டத்துல நானும் நின்னேன். அதுக்கு முன்னால தரை வழியாத் தீவுக்குள்ள வரணும்னா 1914ல கட்டின ரயில் பாலம் ஒண்ணுதான். ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வர்ற கார்க்காரங்க மண்டபத்துல காரை விட்டுட்டு ரயில் ஏறணும். எங்க சித்தப்பா வீடு மண்டபத்துல. அந்த வேப்பமரத்தடியில எந்நேரமும் ரெண்டு அம்பாசடர் நிக்கும். மூணு நாள் கழிச்சு ஆளுக திரும்பி வர்றப்ப அது மேல காக்கா எச்சமும் உப்புமா இருக்கும். சாப்பிடுற உப்புமா இல்ல.

அதைத் துடைச்சுக் கொடுத்துத்தான் நான் கார் படிச்சேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துல கம்பி மாதிரி கியர். முன் சீட்டு ஒரே பலகை, மூணு பேர் தாராளமா உக்காரலாம். ஃபியட்டும் அதே கியர்தான், ஆனா கைக்கு லேசு. ஒரே ஒரு தடவை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒண்ணு வந்துச்சு, நம்ம மெட்ராஸ்ல செஞ்ச கார். பானெட்டைத் திறந்தா ரெண்டு மட்கார்டும் சேர்ந்து முன்னால கவிழும். முதலை வாய் பிளந்த மாதிரி. நாங்க பயலுக ஏழெட்டுப் பேர் சுத்தி நின்னு, மறுபடி திறங்க, மறுபடி திறங்கன்னு அந்த டிரைவரைப் பாடாப் படுத்தினோம்.

பாலம் வந்தப்புறம் நானே ஒரு ஆம்னி வாங்கினேன், மீன் பெட்டிக்கும் ஆளுக்குமா. ஆடி மாசக் கச்சான் காத்துல பாலத்து மேல ஆம்னி ஓட்டினவனுக்குத் தெரியும். நெட்டுக்குத்தா நிக்கிற பெட்டி, எடையும் கிடையாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சுட்டே போகணும். எதிர்க்க ஒரு பஸ் வந்து ஒரு நொடி காத்தை மறைக்கும், பஸ் தாண்டினதும் மறுபடி அறையும். அப்பல்லாம் பக்கத்துல பழைய ரயில் பாலத்துல காத்து 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினா ரயிலுக்கு சிக்னலே விழாம இருந்துச்சு. எனக்கு சிக்னல் போட வீட்டுக்காரிதான். "இந்தக் காத்துல போகணுமா"ம்பா. அதோட சரி.

அரிச்சல்முனை

பெரியவரே, அந்த ஆம்னி எங்க மாமாகிட்ட வந்ததா இருக்குமோ? மீன் வாடை போகவே இல்லைம்பாரு.

பாம்பன் பெரியவர்

வாடை போகாதுப்பா. உப்புத்தண்ணி சொட்டிச் சொட்டிப் பின் தரை அரிச்சு, கடைசியில ரோடு தெரிஞ்சுச்சு. வண்டியைக் குத்தம் சொல்ல முடியாது. ஐஸ் பெட்டிக்கு அடியில ஒரு தகரத்தட்டு வைக்கத் துப்பில்லாதது நான்தான்.

கீழக்கரை காக்கா

நம்ம கதையையும் போட்டுக்கிறேன். வாப்பா துபாய்ல 22 வருஷம் டிரைவர். கரோலாவும் கேம்ரியும் ஓட்டின கை. 2003ல ஊருக்கே வந்துட்டார், வந்ததும் வாங்கினது டாடா இண்டிகா டீசல். பெரிய காரா வாங்கலாமேன்னு சாச்சா கேட்டார். வாப்பா, "கீழக்கரைத் தெருவுல கேம்ரி உள்ள போயிரும், வெளிய வர வீட்டை இடிக்கணும்"னார். 1405 சிசி டீசல், உக்காந்தா தலை இடிக்காது, பின்னாடி உம்மா, மாமி, குழந்தை எல்லாரும் அடங்குவாங்க. நம்ம நாட்டுக் கம்பெனியே உருவாக்கி நம்ம நாட்டுலயே செஞ்ச காருங்கிறதுல அவருக்கு ஒரு பெருமை. அரபிக்கிட்ட சொல்லணும், அரபிக்கிட்ட சொல்லணும்னுட்டே இருப்பார்.

ரெண்டு தடவை கிளட்ச் போச்சு. அது என் காலால. கிளட்ச் மேலயே காலை வச்சு ஓட்டுவேன். வாப்பா ஓட்டின வரைக்கும் போகலை.

நான் சொல்ல வந்தது, கார் கவர் போடாதீங்க. வெயிலுக்கு நல்லதுன்னு நாங்க ரெண்டு வருஷம் கவர் போட்டு மூடி வச்சோம். திறந்து பார்த்தா கூரையில அங்கங்க திட்டுத் திட்டாக் கொப்புளம்.

சாயல்குடி டீச்சர்

கவர் போடாமல் வெயிலில் நிறுத்தினால் பெயிண்ட் வெளுத்து டேஷ்போர்டு வெடிக்காதா? என் ஆல்ட்டோவுக்கு ஆறு வருடமாகக் கவர்தான். ஒன்றும் ஆகவில்லையே.

பெயிண்ட் ஷாப்

டீச்சர், உங்க வண்டி கூரைக்கு அடியில நிக்கிதா, திறந்த வெளியிலயா? கவர்ல வம்பே, காத்துல பறந்து உரசுறதும் ஈரத்தோட மூடுறதும்தான். உப்பும் மணலும் ஒட்டின கவர் உப்புத்தாள் மாதிரி. காஞ்ச வண்டியை, காத்து அடிக்காத இடத்துல மூடினா பரவாயில்லை. திறந்த வெளியா இருந்தா காக்கா சொன்னதுதான் சரி. ஓலைக் கொட்டகை எல்லாத்தையும் விட மேல்.

சாயல்குடி டீச்சர்

கொட்டகைதான், மூன்று பக்கமும் சுவர். சரி, இருவரும் ஜெயித்தோம்.

வந்ததற்கு என் வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 41 வயதில் கார் ஓட்டக் கற்றேன். முதல் மாதம் பள்ளிக்கூட வாசலில் நுழையும்போதே பையன்கள், "டீச்சர் வருதுடா, மரத்துல ஏறுங்கடா" என்று ஓடுவார்கள். இன்று ஏர்வாடி, கீழக்கரை, தேவிபட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க என் வாசல் மாதிரி. இந்தச் சாலையில் எனக்கு எதிரி உப்பு அல்ல, சீமைக்கருவேல முள். விறகு ஏற்றிய வண்டி ஒன்று முன்னால் போனால் ஒரு கிலோமீட்டர் பின்தங்கிவிடுவேன். அந்த முள் டயரில் ஏறினால் காற்று உடனே இறங்காது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு, முதல் மணி அடிக்கப்போகும் நேரம் பார்த்து இறங்கியிருக்கும். ஸ்டெப்னி மாற்றக் கற்றுக்கொண்டது அதனால்தான். சேலையோடு முப்பது நிமிடம், சுடிதாரோடு இருபது.

உச்சிப்புளித் தம்பிக்கு ஒரு வார்த்தை. சின்ன கார் என்றால் எனக்கு அர்த்தம் இதுதான்: நின்றுவிட்டால் நானும் வழியில் போகும் இரண்டு பேரும் தள்ள முடிய வேண்டும்.

உச்சிப்புளிக்காரன்

டீச்சர், தள்ளுறது என்ன, எங்க வண்டியைத் தூக்கியே இருக்காங்க.

2009னு ஞாபகம். அப்ப தனுஷ்கோடிக் கடைசியில இருக்க அரிச்சல்முனைக்குத் தார் ரோடு கிடையாது, அது 2017லதான் திறந்தாங்க. முகுந்தராயர் சத்திரத்தோட ரோடு முடிஞ்சிரும், அங்கிட்டு மணல். ஜீப்பும் வேனும்தான் போகும். சென்னையில இருந்து வந்த சித்தப்பா, ஜீப்காரன் போற தடத்துலயே போனா நாமளும் போயிரலாம்னு அப்பாவை உசுப்பேத்திவிட்டார். அப்பாவும் போனார். 12 இஞ்ச் சக்கரம், ஜீப் தடத்து ஆழம் அளவுதான் வண்டி உசரமே. முன்னூறு அடி போயிருக்கும். வயிறு மணல்ல உக்காந்துருச்சு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கீழதான் போகுது. ஒரு பக்கம் தண்ணி வேற ஏறிட்டு வருது.

வலை இழுத்துட்டு இருந்தவங்க எட்டுப் பேர் வந்தாங்க. சுத்தி வந்து பார்த்தாங்க. ஒரு பெரியவர், "படகை விடக் கனமா என்ன?"ன்னார். எல்லாரையும் இறங்கச் சொல்லிட்டு, ஏலேலோ போட்டு, மூலைக்கு ரெண்டு பேராத் தூக்கித் தள்ளித் தள்ளி கெட்டித்தரையில வச்சுட்டாங்க. வண்டி எடை 650 கிலோ சொச்சம்தானே. அப்பா காசு கொடுக்கப் போனதுக்கு வாங்கலை. "அடுத்த தடவை மனுசன் மட்டும் வாங்க"ன்னாங்க.

வர்ற வழியெல்லாம் அப்பா பேசலை. வீட்டுக்கு வந்து போர் தண்ணியில அடியை மூணு தடவை அடிச்சுக் கழுவினார்.

பட்டறைப் பையன்

அண்ணே, கதையே அங்கதான் இருக்கு. உச்சிப்புளிப் போர் தண்ணி எப்படி, நல்ல தண்ணியா, உப்பா?

உச்சிப்புளிக்காரன்

உப்புதான். பருப்பு வேகாது.

பட்டறைப் பையன்

அப்ப உப்பை உப்பால கழுவியிருக்கார்! குத்தம் சொல்லலண்ணே, இந்தக் கரையில பாதிப் பேர் அப்படித்தான். குடிக்கிற தண்ணியையே குடக்கணக்குல காசு கொடுத்து வாங்குற ஊர்ல காரைக் கழுவ யாரு கொடுப்பா. ரெண்டு வாளி நல்ல தண்ணி கிடைச்சா மேல ஊத்தாதீங்க. சக்கர வளைவுக்கு உள்ளயும் அடியிலயும் அடிங்க, மேலுக்கு ஈரத்துணி போதும்.

இன்னொண்ணு. கழிவு ஆயிலை அடியில அடிக்கிற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. இரும்புக்கு நல்லதுதான், ஆனா புஷ்ஷு, ரப்பர் எல்லாம் ஊறி நஞ்சு போகும், பிரேக்ல பட்டா வம்பு. பெட்டி மாதிரி மூடிக்கிடக்குற தகட்டுப் பகுதிக்குள்ள அடிக்க, மெழுகு மாதிரி ஒட்டுறது விக்கிது, அது போடுங்க.

உச்சிப்புளிக்காரன்

நீங்க சொன்னப்புறம்தான் ஒண்ணு புரியுது. மழை வந்தா ஊரே வண்டியை உள்ள தள்ளும். எங்கப்பா மட்டும் வெளிய எடுத்து முற்றத்துல நிறுத்துவார். காருக்குக் கிறுக்கா, உங்களுக்குக் கிறுக்கான்னு அம்மா கேப்பாங்க. "மழைத்தண்ணியில உப்பு கிடையாது, காசும் கிடையாது"ம்பார். ஐஸ் கம்பெனிக்காரர் இல்லையா, தண்ணிக்கணக்கு அவருக்குத் தெரியும். நான் கஞ்சத்தனம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

நேனோ நேசன்

எல்லாரும் 800 பக்கமே நின்னா எப்படி? நான் ராமேஸ்வரத்துல நேனோ வச்சிருக்கேன். 2008ல ஒரு லட்ச ரூபாய் கார்னு காட்டினப்ப உலகமே திரும்பிப் பார்த்துச்சு, இப்ப எங்க தெருப் பசங்க மட்டும்தான் பார்க்குறாங்க. 624 சிசி, எஞ்சின் பின்னாடி, ஒத்தை வைப்பர், சக்கரத்துக்கு மூணே நட்டு. அமாவாசைக் கூட்டத்துல ரத வீதிகள்ல ஆட்டோ திரும்புற இடத்துல நானும் திரும்புவேன். மலிவு கார்னு பேர் வச்சதுதான் அதுக்கு வந்த வினை. கடன்பட்டு வாங்குறவனுக்கு நாலு பேர் பார்த்து "அட"ன்னு சொல்லணும். மலிவுன்னு நெத்தியில எழுதி ஒட்டினா யாரு வாங்குவா?

கீழக்கரை காக்கா

அது வாஸ்தவம். சான்ட்ரோ 1998ல வந்தப்ப அதையும் சிரிச்சாங்க, தலையில கூடை வச்ச மாதிரி இருக்குன்னு. முழங்கால் வலிக்கார உம்மாமார் குனியாம ஏறி உக்காந்ததும் சிரிப்பு நின்னுபோச்சு.

புதுசு

நேரத்தை வீணாக்காதீங்க. 15 வருஷம் தாண்டின பெட்ரோல் காரைப் பிடிச்சு உடைக்கிறாங்க. பேசாம எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க.

பெயிண்ட் ஷாப்

அது டெல்லி பக்கத்துக் கதை, டீசல் 10, பெட்ரோல் 15ங்கிற கணக்கு. இங்க சோதனையில தேறினா அஞ்சு வருஷத்துக்கு ஓட்டலாம். தேறணும்கிறதுதான் விஷயம்.

புதுசு

ஓட்டினாலும் உதிரி சாமான் கிடைக்கணுமே?

பட்டறைப் பையன்

800 நின்னது 2014ல. ஆனா எஞ்சின் சாமான் பாதி ஆம்னியோடது, அது 2019 வரைக்கும் வந்துச்சு. 12 இஞ்ச் டயர் ஆல்ட்டோவுக்கும் அதான், இன்னும் கடையில இருக்கு. ஒண்ணு மட்டும் கவனம், இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் பைப், கார்புரேட்டர் பேக்கிங் எல்லாம் அதுக்குத் தாங்காது, மாத்திருங்க. பெரிய காசு இல்லை.

உச்சிப்புளிக்காரன்

நேத்து ஞாயித்துக்கிழமை மேட்டைத் தூக்கினேன். டிரைவர் பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு பொதக். இடது பக்கம் டங். ஜாக்கி வைக்கிற இடம் வலது பின்பக்கம் கையோட வந்துருச்சு. லோயர் ஆர்ம் பக்கம் கெட்டியா இருக்கு. பிரேக் பைப் தம்பி சொன்ன மாதிரியே செம்பட்டை, ஒரு இடத்துல செதில் செதிலா உரியுது. அதைப் பார்த்ததுல இருந்து வண்டியை எடுக்கலை. கதவு ஓட்டையில ஈர்க்குச்சி விட்டதுக்கு ஒரு டம்ளர் மண்ணு வந்துச்சு. தனுஷ்கோடி மணலா இருக்கும்னு மக சொல்றா.

மேட்டுக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம். காஞ்சு கொட்டைப்பாக்கு மாதிரி ஆயிருச்சு. எப்ப உருண்டு போனதோ.

45,000 வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன். தரை வெட்டி ஒட்டு, ஜாக்கி இடம், பிரேக் பைப் நாலும் புதுசு, பெட்ரோல் பைப், மெழுகு. பட்டறைத் தம்பி, உங்ககிட்டயே கொண்டு வரேன். வெளிக் கொப்புளம் அப்படியே கிடக்கட்டும்.

பட்டறைப் பையன்

ஓட்டிட்டு வராதீங்க. நான் வண்டி அனுப்புறேன், கட்டி இழுத்துட்டு வந்துருவோம். வியாழக்கிழமை.

உச்சிப்புளிக்காரன்

சரிப்பா. இப்ப ராத்திரி ஒன்பதரை, இங்க மழை பிடிச்சுருச்சு. நானும் மகளும் முற்றத்துக்குத் தள்ளிட்டு வந்துட்டோம்.

சாயல்குடி டீச்சர்

கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டீர்களா?

உச்சிப்புளிக்காரன்

பின்பக்கம் இடது கண்ணாடி பாதிக்கு மேல ஏறாது டீச்சர். கோணியைச் சொருகி வச்சிருக்கேன்.